உவரிக் கரையை மேலிருந்து எடுத்து 4 அடி அகலத்தில் ஹாலில் மாட்டலாமா?

பாளை_புதுமனை:

வணக்கம். ஹாலில் சோபாவுக்குப் பின்னால் உள்ள சுவருக்கு ஒரு படம் வேண்டும். சுவர் 11 அடி அகலம், சோபா 7 அடி. எதிர் நாற்காலி 8 அடி தள்ளிக் கிடக்கிறது. கடையில் கிடைக்கும் மாலத்தீவும் பாலியும் வேண்டாம். உவரியிலிருந்து பெரியதாழை வரைக்கும் உள்ள நம் திருநெல்வேலி, தூத்துக்குடிக் கரையே போதும். நேர் மேலிருந்து எடுத்தது, நல்ல தாளில் அடித்தது. கையில் இருப்பது 249 கிராம் ட்ரோன், 12 மெகாபிக்சல், படம் 4032 x 3024. இதை 4 அடி அகலத்துக்கு அடித்தால் தாங்குமா? எந்த உயரத்தில், எத்தனை மணிக்கு எடுப்பது? பிரேம் கடையில் கேட்டால் சன்போர்டு என்ற நுரை அட்டையில் ஒட்டி மேலே லேமினேஷன் போட்டால் போதும் என்கிறார்கள். போதுமா?

தேரிமேடு:

முதலில் சுவர்க் கணக்கை முடியுங்கள், ட்ரோனை அப்புறம் எடுக்கலாம். எடுத்து முடித்த படத்துக்குச் சுவர் தேடுவதால்தான் பாதிப் படங்கள் பரணுக்குப் போகின்றன.

சோபாவுக்கு மேல் வரும் படம், சட்டத்தோடு சேர்த்து, சோபா அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் கண்ணுக்கு அடங்கும். 84 அங்குலத்துக்கு அது 56. சட்டத்துக்குப் பக்கத்துக்கு 1 அங்குலம், மவுண்டுக்கு, அதாவது படத்தைச் சுற்றி வரும் அட்டை விளிம்புக்கு, பக்கத்துக்கு 3 அங்குலம் கழித்தால் படம் 48 x 32. உங்கள் 4032 பிக்சலை 48 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 84 வரும். அச்சகத்தில் கேட்கும் 300 என்பது கையில் பிடித்துப் பார்க்கும் புத்தகத்துக்கான கணக்கு. சுவருக்கு, பார்க்கும் தூரத்தை அங்குலத்தில் வைத்துக்கொண்டு 3438-ஐ அதால் வகுங்கள், அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் வேண்டும் என்பது வரும். 8 அடியில் 36 பிக்சல் இருந்தாலே கண்ணுக்குக் கட்டம் தெரியாது. சோபா குறுக்கே கிடப்பதால் யாரும் 3 அடிக்குள் வந்து மூக்கை வைக்க முடியாது. 3 அடிக்கு 95 வேண்டும். ஆக நாற்காலியிலிருந்து பார்க்கத் தாராளம், கிட்டே வந்து பார்க்கச் சற்றுக் குறைவு. அடிக்கலாம், ஆனால் விளிம்பில் நிற்கிறீர்கள்.

அதே அகலத்தை இன்னொரு விதமாகவும் நிரப்பலாம். 12 x 16 அங்குலத்தில் நிமிர்ந்த படம் மூன்று. மவுண்ட் பக்கத்துக்கு 2, சட்டம் முக்கால் அங்குலம் என்றால் ஒவ்வொன்றும் பதினேழரை அகலம். இடையில் 2 அங்குலம் விட்டால் மூன்றும் சேர்ந்து ஐம்பத்தாறரை. பிக்சல் அங்குலத்துக்கு 252 ஆகிவிடும். ஒன்று மணல், ஒன்று நுரை விளிம்பு, ஒன்று ஆழ்நீர் என்று ஒரே காலையில் ஒரே உயரத்தில் எடுத்தவையாக இருக்கட்டும். உயரம் மாறினால் மூன்றும் மூன்று ஊர்ப் படம் போலாகிவிடும். 12 மெகாபிக்சலுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

உயரம்: இந்த வகை லென்ஸ், பறக்கும் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு அகலத்தைத் தரையில் பிடிக்கும். 100 மீட்டரில் 140 மீட்டர் கரை. 9 மீட்டர் பைபர் வள்ளம் உங்கள் 48 அங்குலப் படத்தில் 3 அங்குலம் இருக்கும், ஆனால் ஒரு மீட்டருக்கு 29 பிக்சல்தான். வலை வெறும் நீலக் கறையாகத் தெரியும். 40 மீட்டரில் அகலம் 56, மீட்டருக்கு 72 பிக்சல். வலையின் மிதவை, வள்ளத்து விளிம்பின் பெயின்ட் உரிந்த இடம், காயப்போட்ட கருவாட்டு வரிசை எல்லாம் எண்ணலாம். ட்ரோன் விதி 120 மீட்டர் வரை விடுகிறது என்பதற்காக அவ்வளவு ஏற வேண்டியதில்லை. 40 முதல் 60 போதும்.

நேரம்: எது வேண்டும் என்பதைப் பொறுத்தது. மணலின் மேடுபள்ளம், காலடித் தடம், வள்ளத்தின் நீண்ட நிழல் வேண்டுமானால் சூரியன் எழுந்த அரை மணி நேரத்துக்குள். தண்ணீரின் பச்சை நீலம் வேண்டுமானால் அது உதவாது, ஒளி உள்ளே இறங்க வேண்டும். மாசி, பங்குனியில் ஏழரை முதல் எட்டே முக்கால் வரை. அதற்கு மேல் போனால் நேர் கீழ்நோக்கிய படத்திலும் சூரியனே தண்ணீரில் வெள்ளைத் திட்டாக விழும். சூரியன் அடிவானத்திலிருந்து 48 பாகைக்கு மேல் ஏறினால் அதன் பிம்பம் சட்டகத்தின் மூலைக்குள் வந்துவிடும். அலை இருந்தால் திட்டு இன்னும் பரந்து, அதற்கு முன்பே தொல்லை தரும். நடுப்பகலில் எடுத்த படங்கள் வெளிறிப்போவது இதனால்தான்.

நம் கரையின் தனிச் சொத்து அந்தக் கறுப்பும் சிவப்புமான மணல் வரிகள். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். இரண்டும் சாதாரண மணலைவிடக் கனம். முரட்டு அலை இலேசான வெள்ளை மணலை அரித்துக்கொண்டு போகும்போது இவை பின்தங்கி வரிவரியாகப் படியும். ஆகவே கடல் கொந்தளித்து அடங்கிய மறுநாள்தான் வரி தெளிவாக இருக்கும். நான்கு நாள் அமைதியாக இருந்தால் மேலே வெள்ளை மணல் ஏறி மூடிவிடும். ஈரத்தில் நிறம் இரட்டிப்பாகும் என்பதால் வற்றம் தொடங்கிய உடனே எடுங்கள். இங்கே ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான், அந்த ஈரப் பட்டை அகலமாக இருக்காது.

கேமராவில்: டிஎன்ஜி (சுருக்காத மூலக் கோப்பு), ஐஎஸ்ஓ 100, வெள்ளைச் சமநிலையை 5500 கெல்வினில் பூட்டுங்கள், தானியங்கியில் விட்டால் மணல் கூடினால் நீலமும் தண்ணீர் கூடினால் மஞ்சளும் ஏறும். ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தில் நுரை வலது சுவரை முட்டாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். வெந்த நுரையைப் பிறகு மீட்க முடியாது, தாளில் அந்த இடம் ஓட்டை போலத் தெரியும்.

கடைசியாக ஒன்று, பலர் கவனிக்காதது. நேர் கீழ்நோக்கிய படத்துக்கு மேல் கீழ் கிடையாது, எப்படி வேண்டுமானாலும் திருப்பி மாட்டலாம் என்பார்கள். நிழல் கீழ்நோக்கி விழும்படி திருப்புங்கள். ஒளி கீழிருந்து வருவது போல மாட்டினால் கண் ஏமாந்து மணல் மேட்டைப் பள்ளமாகவும் காலடிக் குழியைக் கொப்புளமாகவும் படிக்கும்.

கச்சான்_காற்று:

தேரிமேடு அண்ணாச்சி படத்தைச் சொல்லிவிட்டார், பறக்கிற சோலியை நான் சொல்கிறேன்.

2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ. இதை ஓட்டப் பைலட் சான்றிதழ் வேண்டாம். ஆனால் பதிவு எண் வேண்டும், பச்சை மண்டலத்தில், அதாவது தனி அனுமதி தேவைப்படாத வான்வெளியில், 400 அடிக்குள் பறக்க வேண்டும். 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. சொந்த உபயோகத்துக்குச் சான்றிதழ் வேண்டாம், படம் விற்கப்போகிறீர்கள் என்றால் வேண்டும். அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் உள்ள வான்வெளி வரைபடத்தைக் கிளம்பும் நாளன்று காலையில் பாருங்கள், போன மாதம் பார்த்தது செல்லாது. நம் பக்கம் பறக்கத் தடையுள்ள சிவப்பு மண்டலத்துக்குக் குறைவில்லை: கூடங்குளம் அணுமின் நிலையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம். பெருமணல், இடிந்தகரைக் கரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே ட்ரோன் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டிய பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தையும் பழைய நினைப்பில் அணுகக் கூடாது. மணப்பாட்டு மணல்திட்டு எல்லார் கண்ணிலும் படுவது, ஆனால் அது குலசேகரன்பட்டினத்துக்கு அடுத்த ஊர்.

காற்று: ஆனி, ஆடியில் கச்சான் என்ற மேற்குக் காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். போகும்போது பேட்டரி குறைவதே தெரியாது, திரும்பும்போது எதிர்காற்றில் நின்ற இடத்திலேயே நிற்கும். இந்தச் சின்ன ட்ரோன்கள் தாங்குவது நொடிக்கு 10 மீட்டர் சொச்சம்தான். கரையில் நின்று பார்க்கும் காற்றைவிட 50 மீட்டர் மேலே வேகம் கூடுதல். கடலுக்குள் போக நேர்ந்தால் பேட்டரி பாதியாவதற்கு வெகு முன்பே திரும்புங்கள். இழுபறி என்றால் உயரத்தைக் குறைத்து வாருங்கள், கீழே காற்று தணிவாக இருக்கும். தானாகத் திரும்பும் பொத்தானை அழுத்தினால் அது முதலில் மேலே ஏறும், அதுவும் காற்றுக்குள். மார்கழி தாண்டி வாடை தணிந்து மழைக் கலங்கலும் தெளிந்த மாசி, பங்குனிதான் நம் கரைக்குப் பொழுது.

அந்தக் கறுப்பு மணல் படத்துக்குத்தான் அழகு, மோட்டாருக்கு எமன். அதில் காந்தத்துக்கு ஒட்டும் துகள் உண்டு. மணலில் வைத்து ஏற்றினால் இறக்கைக் காற்று கிளப்பிவிட்டு, மோட்டார் உள்ளே இருக்கும் காந்தத்தில் போய் ஒட்டும். ஊதினால் போகாது, முதலில் கரகரவென்று சத்தம், பிறகு சூடு, பிறகு நடுவானில் நிற்கும். அடியில் விரிப்பு மட்டும் போதாது. மீன் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் விரிப்பைப் போட்டு ஏற்றுங்கள், கையில் இறக்குங்கள். ஒட்டிய துகளை எடுக்கப் பசைநாடாவை மடித்து விட்டு ஒற்றி எடுப்பதுதான் வழி. திசைகாட்டி பிழை காட்டினாலும் அந்த மணல் மேல் வைத்துச் சரிசெய்யாதீர்கள், தார் ரோட்டுக்குப் போங்கள்.

மீன் இறங்கும் இடத்தில் செம்பருந்து சுற்றும். அது பாய்ந்தால் பக்கவாட்டில் ஓடாமல் நேர் மேலே ஏற்றுங்கள், பருந்துக்குச் செங்குத்தாக ஏறுவது சிரமம்.

மனிதர்கள் விஷயம் இதையெல்லாம்விட முக்கியம். இது ஆள் வாழும் கரை. தாதுமணல் தகராறும் அணு உலைப் போராட்டமும் பார்த்த ஊர்கள், மேலே ஏதாவது பறந்தால் அளவெடுக்க வந்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள், நினைப்பதில் தப்பும் இல்லை. முதலில் ஊர்க் கமிட்டியிடமோ தேவாலயத்துப் பங்குச்சாமியிடமோ சொல்லுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள். விடியற்காலையில் கரையோரம் ஆட்கள் ஒதுங்குவார்கள். வள்ளம் இறங்கி முடிந்த பிறகு போங்கள். வீட்டு முற்றம், குளிக்கும் பெண்கள் சட்டகத்துக்குள் வரக் கூடாது. கடலோரக் காவலர்கள் கேட்டால் காட்டப் பதிவு நகல் சட்டைப்பையில் இருக்கட்டும்.

பாளை_புதுமனை:

இரண்டு பேருக்கும் நன்றி. இன்னும் மூன்று. போலரைசர் ஃபில்டர் போட்டால் தண்ணீர் தெளியும் என்கிறார்களே, வாங்கலாமா? கூடவே ஒளியைக் குறைக்கும் என்டி 64 ஃபில்டர் ஒன்றும் இருக்கிறது, போடலாமா? பல படங்களை ஒட்டிப் பெரிதாக்கினால் அந்த 84 பிக்சல் பிரச்சினை தீருமா, அல்லது கணினியில் ஏஐ வைத்துப் பெருக்கலாமா?

தேரிமேடு:

போலரைசர் நேர் கீழ்நோக்கிய படத்துக்கு ஏறக்குறைய வீண். தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்துக்கு அடங்குவது செங்குத்திலிருந்து 53 பாகை சாய்வில்தான். கேமராவை அடிவானத்திலிருந்து 37 பாகை கீழே சாய்த்து எடுத்தால் அற்புதமாக வேலை செய்யும், நேர் கீழே பார்த்தால் ஒளியை மட்டும் குறைக்கும். போதாக்குறைக்கு அதன் எடை ஏறினால் 249 கிராம் 250-ஐத் தாண்டி, ட்ரோன் நானோவிலிருந்து மைக்ரோ ஆகிவிடும்.

என்டி 64 வீடியோவுக்கானது, கழற்றி வையுங்கள். காலை வெயிலில் f/1.7 லென்ஸ் ஐஎஸ்ஓ 100-இல் 1/5000 அளவில் எடுக்கும், ஒவ்வொரு துளியும் உறையும். 64 போட்டால் 1/80 ஆகும். நுரை உறையவும் உறையாது, பட்டாகவும் இழுபடாது, குலுங்கியது போல இருக்கும். பட்டு வேண்டுமானால் கால் வினாடியாவது வேண்டும், அதற்கு என்டி 1000. அதையும் காற்றில்லாத காலையில்தான் செய்யலாம்.

ஒட்டலாம், ஆனால் கடலை ஒட்ட முடியாது. அடுத்த படம் எடுப்பதற்குள் அலை நகர்ந்துவிடும், மென்பொருள் நுரையை இரட்டை இரட்டையாகக் காட்டும். கரைக்கு இணையாக ட்ரோனை நகர்த்தி 40 சதவீதம் மேல்விழும்படி எடுங்கள். மணல் பகுதியை மென்பொருளிடம் விடுங்கள். தண்ணீரில் இணைப்புக் கோட்டை நீங்களே கையால், இரண்டு நுரைக்கு நடுவே உள்ள தெளிந்த நீரில் கொண்டுபோங்கள். இரண்டு படம் போதும், 48 அங்குல அகலத்துக்கு 130 பிக்சலுக்கு மேல் வந்துவிடும், உயரம் மட்டும் 32 இல்லாமல் 22 அங்குலச் சொச்சம் ஆகும். நான்கு, ஐந்து என்று போனால் எங்கேயாவது தையல் தெரியும்.

ஏஐ பெருக்கம் இரண்டு மடங்குக்குள் இருந்தால் சரி. வள்ளத்தின் விளிம்பில் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும், நுரையில் புழு நெளிவது போல வரிகளை இட்டுக்கட்டும், மணலை மெழுகாக்கும். நுரையையும் மணலையும் மறைத்துவிட்டுச் சாதாரணப் பெருக்கம் கொடுங்கள். முடிவில் முழுப் படத்துக்கும் இலேசாகப் பொடிப் புள்ளி (கிரெயின்) சேர்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும்.

தாளுக்கு என் சிபாரிசு சதுர மீட்டருக்கு 300 கிராமுக்கு மேற்பட்ட மேட் (பளபளப்பில்லாத) காட்டன். மணல் படம் மணல் மாதிரியே நிற்கும்.

சட்டமும்_கண்ணாடியும்:

கடைசி வரியில் மட்டும் தேரிமேடு அண்ணாச்சியோடு ஒத்துப்போக மாட்டேன். காய்ந்த மணல், நெடு நிழல் என்றால் மேட் காட்டன் சரி. இவர் எடுக்கப்போவது ஈரக் கறுப்பு மணலும் ஆழ்நீரும். மேட் தாளில் கறுப்பின் அடர்த்தி 1.6 அளவில் நின்றுவிடும், பரைட்டா என்ற இலேசாகப் பளபளக்கும் தாளில் 2.3-ஐ எட்டும். ஈர இல்மனைட் வரி மேட் தாளில் சாம்பலாகிவிடும். பச்சை நீலமும் மேட் தாளின் நிற எல்லைக்கு வெளியே போகும். திரையில் ஜொலித்தது தாளில் வண்ணான் துறைத் தண்ணீர் ஆகும். இந்தப் படத்துக்கு 310 கிராம் காட்டன் பரைட்டா.

அடிக்கக் கொடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: மை பிக்மென்ட்டா (நிறத்துகள் மை), மெஷினில் எத்தனை நிறம், தாளின் பெயரும் அதற்கான ஐசிசி ப்ரொஃபைலும் (அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு). பத்து, பன்னிரண்டு நிற பிக்மென்ட் மெஷின் என்றால் மேலே பேசலாம். ஃபிளெக்ஸ் அடிக்கும் மெஷினிலேயே 'ஆர்ட் கேன்வாஸ்' போட்டுத் தருகிறேன் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். 44 அங்குல ரோல் மெஷின் வேண்டும், 24-இல் 32 அடங்காது. ப்ரொஃபைலை வைத்துத் திரையில் ஒத்திகை பாருங்கள். திரை வெளிச்சத்தை 100 கேன்டெலாவுக்கு இறக்கிவிட்டுப் பாருங்கள். 'பிரின்ட் இருட்டாக வந்துவிட்டது' என்ற புகாரில் பெரும்பாலானவை திரை முழு வெளிச்சத்தில் எரிந்ததால் வந்தவை. 16 பிட் டிஃப் ஆகக் கொடுங்கள். முழுப் படம் அடிக்கும் முன் நுரை, ஈர மணல், ஆழ்நீர் மூன்றிலிருந்தும் ஒவ்வொரு துண்டை நிஜ அளவிலேயே ஒரு ஏ4-இல் அடித்து, அதே ஹாலில் ராத்திரி விளக்கிலும் வைத்துப் பாருங்கள். கார்னெட் சிவப்பு பல மெஷினில் கத்தரிப்பூப் பக்கம் சாயும், அந்தத் துண்டிலேயே பிடித்துவிடலாம். நாலு பக்கமும் 2 அங்குலம் வெள்ளை விட்டு அடிக்கச் சொல்லுங்கள், பிடிக்கவும் மாட்டவும் அதுதான் இடம்.

இனி சன்போர்டு. வேண்டாம். அந்த நுரை அட்டை நம் ஊர் வெயிலில் வளையும், ஒட்டிய பசை மஞ்சளாகும், லேமினேஷன் ஓரத்தில் குமிழ் விட்டு எழும்பும்; முக்கியமாக, ஒட்டிவிட்டால் தாளைத் திரும்ப எடுக்க முடியாது. பின்புறத்துக்கு ஹார்ட்போர்டும் வேண்டாம், அது கரையானுக்கு விருந்து. 3 மில்லிமீட்டர் ஏசிபி ஷீட் (நடுவே பிளாஸ்டிக் வைத்த அலுமினியத் தகடு) போடுங்கள். அதன் மேல் அமிலமில்லாத அட்டை, அதில் படத்தை மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் ஜப்பானியத் தாள் கீலும் கோதுமைக் கஞ்சிப் பசையும் வைத்துத் தொங்கவிடுங்கள். நாலு பக்கமும் டேப் ஒட்டினால் கார்த்திகை ஈரத்தில் தாள் விரிந்து, போக இடமில்லாமல் நடுவில் அலை அடிக்கும். பசையில் மயில்துத்தம் கலக்கும் பழைய வழக்கம் தாளுக்கு ஆகாது. ராமபாணப் பூச்சி வராமல் இருக்கச் சட்டத்தின் பின்பக்கத்து இடுக்கை முழுக்க அலுமினிய டேப்பால் அடைத்தால் போதும்.

மவுண்ட் போர்டு சாதாரணமாக 32 x 40 ஷீட்டாக வரும். உங்களுக்கு 54 x 38 வேண்டும். 40 x 60 பெரிய ஷீட் கேட்டு வாங்க வேண்டும், ஒட்டுப்போட்டால் பளிச்சென்று தெரியும். மேலே 3 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டால் கண்ணாடி மட்டுமே 10 கிலோ. அதே கனத்தில் அக்ரிலிக் 5 கிலோவுக்குள். அக்ரிலிக்கே போடுங்கள், ஆனால் அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தால் துடைத்தால் புகை படிந்தது போல் மங்கிவிடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

தேரிமேடு:

ஈர மணலுக்குப் பரைட்டா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பரைட்டாவுக்கு மேல் சாதா அக்ரிலிக்கும் வந்தால் இரட்டைப் பளபளப்பு. எதிரே ஜன்னல் இருந்தால் படத்தில் ஜன்னல்தான் தெரியும். மூன்று சிறு படம் என்ற வழியில் போனால் எதிரொளி குறைந்த கண்ணாடி மூன்று துண்டு வாங்குவது கைக்கு அடங்கும். 54 அங்குலத்துக்கு வாங்கினால் சோபா விலையைத் தொடும்.

பாளை_புதுமனை:

மூன்று சிறு படமே என்று முடிவு செய்துவிட்டோம், பரைட்டாவில். சுவர் மேற்குப் பார்த்த வெளிச்சுவர், ஹாலோ பிளாக் கட்டு. மாட்டுவதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

சட்டமும்_கண்ணாடியும்:

மேற்கு வெளிச்சுவர் என்றால் சாயங்காலம் சூடு, அடைமழையில் ஓதம். பூச்சு காய்ந்து, பெயின்ட் அடித்து ஒரு மழைக்காலம் போகட்டும். புதுச் சிமெண்ட் பூச்சில் ஈரம் மாதக்கணக்கில் நிற்கும். ஒவ்வொரு சட்டத்தின் பின்னும் கீழ் மூலைகளில் 6 மில்லிமீட்டர் ரப்பர்க் குமிழ் ஒட்டுங்கள், மேலே கொக்கியே இடைவெளி தரும். பின்னால் காற்று ஓடினால் பூசணம் பிடிக்காது. ஹாலோ பிளாக்கில் வெறும் ஆணி நிற்காது. 8 மில்லிமீட்டர் துளை, பிளாஸ்டிக் பிளக், 50 மில்லிமீட்டர் ஸ்க்ரூ, படத்துக்கு இரண்டு. ஒற்றைக் கொக்கியில் மாட்டினால் கதவு அறைகிற அதிர்வில் மூன்றும் மூன்று பக்கம் சாயும்.

உயரத்துக்கு, சோபா முதுகின் மேல் விளிம்பிலிருந்து சட்டத்தின் அடி 7 அங்குலம். முதலில் பழைய நாளிதழை இருபத்தொன்றரைக்குப் பதினேழரை அங்குலமாக மூன்று துண்டு வெட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டுப் பாருங்கள். விளக்கு 3000 முதல் 4000 கெல்வின் எல்இடி, சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90-க்கு மேல், சுவருக்கு 30 பாகை சாய்வாக விழட்டும். எதிரே கிழக்கு ஜன்னல் இருந்தால் அதன் வெயில் நேராகப் படத்தில் விழும் இடம் எது என்று காலையில் நின்று பார்த்துவிட்டு அப்புறம் துளை போடுங்கள். வெயிலுக்கு பிக்மென்ட் மையும் காலப்போக்கில் தோற்கும்.

தேரிமேடு:

மாட்டும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன்: மணல், நுரை, ஆழ்நீர் என்று இடமிருந்து வலமாக வரட்டும். மூன்றிலும் நிழல் ஒரே பக்கம் விழுகிறதா என்று அச்சுக்குக் கொடுக்கும் முன்பே பாருங்கள். ஒன்றை மட்டும் திருப்பியிருந்தால் சுவரில் ஏறிய பிறகுதான் உறுத்தும்.